உப்புக் குவியலுக்கு வைத்த வணக்கம்

விதிமுறைகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அவை மற்றவர்களுக்கு மட்டும் என்று நம்புவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

2005இல் நான் மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வை அலுவலர். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுக்கும் வேன் ஒன்று ஒருநாள் முகாமுக்கு வந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்தால் புதுச்சேரியில் லேசர் ஒளியால் அடைத்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் பார்வை போகும். அறிவிப்பை எழுதி ஒட்டியவன் நானே. விதி நான்கு: படமெடுக்கக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டவர்கள் மாலைவரை வெயிலில் போகக் கூடாது; கண் கூசிப் பார்வை மங்கும்.

மருந்தைக் கண்டு தொழிலாளர்கள் தயங்கியதால், முன்மாதிரியாக முதலில் நான் விட்டுக்கொண்டேன். (வீரமெல்லாம் இல்லை, யாராவது போட்டோ எடுப்பார்கள் என்ற ஆசை.) அந்த நேரம் பார்த்து மேலதிகாரி அளத்துக்கு வந்திருப்பதாகத் தகவல். கோப்போடு கிளம்பினேன்.

"சார், நிழல்லயே இருங்க. நீங்கதானே எழுதி ஒட்டுனீங்க?" என்றாள் ஜெபமேரி. பல வருடமாக உப்பு வாருபவள், சர்க்கரை நோயாளி. சில மாதமாகக் கண்ணில் புகைமூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது பேஷண்டுங்களுக்கு" என்றேன்.

வெளியே பாத்தி, வரப்பு, வானம் எல்லாம் ஒரே வெள்ளை. எதிரே வெள்ளை உடுப்பில் பருத்த உருவம். எங்கள் அதிகாரியும் அப்படித்தான் இருப்பார். "வணக்கம் சார்" என்றேன். பதில் இல்லை. (அவர் என்றைக்குப் பதில் சொன்னார்?) கோப்பை நீட்டி, உற்பத்தி நிலவரத்தை விளக்கி முடித்தபோது, முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"உப்புக் குவியல்கிட்ட என்னய்யா பேசிட்டிருக்கீங்க?"

திரும்பிய வேகத்தில் வரப்பு தவறிப் பாத்திக்குள் உட்கார்ந்தேன்.

சிரிப்பு அடங்கியதும்தான் விபரீதம். கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "மருந்து ஊத்துனதுல சாருக்குக் கண்ணு போயிடுச்சு டோய்!" வரிசை கலைந்தது. முதலில் கலைந்தவள் ஜெபமேரி. வேனோ ஆறு மணிக்குக் கிளம்பிவிடும்; மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஈரக் கால்சட்டையோடு அவள் இருந்த கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். "பார்வை திரும்பி வந்துடும்மா. வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன். நீயே பார்த்துக்கோ."

அவள் சும்மா விடவில்லை. "தூரத்துல என்ன தெரியுது?"

"கம்பம்."

"அது எங்க மாமியா சார்!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

நாலரை மணிக்கு ஜெபமேரி மறுபடி கேட்டாள்.

"ரஹீம் பாய், சைக்கிள்ல வர்றாரு. கேரியர்ல பச்சைக் கூடை."

பக்கத்திலிருந்தவளிடம் மெல்லக் கேட்டாள்: "கூடை பச்சையாடி?"

"ஆமாக்கா."

ஜெபமேரி சாலைப் பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "எனக்குச் சைக்கிளே தெரியல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வேனை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் பின்னால் நடந்தார்கள்.

அவள் கண்ணின் படத்தில் கசிவு தெரிந்தது. இரண்டு முறை லேசர் வைத்தார்கள். பார்வை தப்பியது.

வருடாவருடம் பரிசோதனை முடிந்து பஸ் இறங்கியதும் நேராக என் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் அந்தக் கதையைச் சொல்வாள். இந்த வருடம் நான் மூன்று குவியல்களுக்கு வணக்கம் வைத்து, நான்காவதன் காலில் விழுந்தேனாம்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்தும் தெளிவாப் பார்த்தேன்க்கா" என்று சத்தியம் வேறு செய்தாள்.

அன்றைக்கு உனக்கு என்ன தெரிந்தது என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அவள், தெருமுனையில் திரும்பிய பஸ்ஸின் பலகையைப் படித்துவிட்டு, "நம்ம வண்டிக்கா, வர்றேன்!" என்று ஓடினாள். வாயை மூடிக்கொண்டேன்.