நாற்பது கழுகும் குறையாமல்

அன்புள்ள மருமகளுக்கு,

மாவுக்கட்டுக் காலோடு படுத்திருக்கும் உன் நலமறியத் தாய்மாமன் எழுதுவது. நான் சௌக்கியம். உனக்குப் பதிலாக நான் பள்ளியில் நடத்தும் உன் ஓவிய வகுப்பும் சௌக்கியம் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முப்பது வருஷம் கோழிக்கடைகளுக்குப் போர்டு எழுதின கை இது. நான் வரைந்த சேவலைப் பார்த்து நிஜச் சேவல்கள் கூவ வெட்கப்பட்டதாகப் பேச்சு உண்டு. முதல் நாளே எண்ணினேன்: பின்சுவர்க் கரும்பலகையில் நீ சாக்பீஸால் வரைந்த பிணந்தின்னிக் கழுகுகள் நாற்பது. மறுநாள் காலை முப்பத்தேழு. பெருக்குகிற அம்மாவைக் கேட்டால், “டீச்சர்தான் தினம் மூணு அழிக்கச் சொன்னாங்க. பிள்ளைங்க எப்ப கண்டுபிடிக்குதுன்னு பாக்கணுமாம்” என்கிறார். வரைந்தவளே அழிக்கச் சொல்வாளா? அடி காலில்தானா, தலையிலுமா என்று பதறிப்போய், உன் மானத்தைக் காப்பாற்ற எனாமல் பெயிண்ட் டப்பாவோடு ஏணியில் ஏறிவிட்டேன். நீ எனக்குக் கொடுத்தனுப்பிய சீட்டில் ‘பலகையைத் தொட வேண்டாம்’ என்று எழுதியது பிள்ளைகளுக்குத்தானே? சாயங்காலம் அவர் மூன்று அழிப்பார், காலையில் நான் மூன்று வரைவேன், இப்படியே பன்னிரண்டு நாள், கழுகு நாற்பதுக்கு ஒன்று குறையவில்லை. நடுவில், ஒரு கழுகு என் தோளில் உட்கார்ந்து அரை மைல் வந்த கதையைச் சொன்னேன். பிள்ளைகள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பதும் நோட்டில் குறிப்பதுமாக இருந்தார்கள். அவ்வளவு மரியாதை.

இன்று தலைமையாசிரியர் வந்தார். “நாட்டுல கழுகு எப்படி அழியுதுன்னு பிள்ளைங்க இந்தச் சுவர்லயே கத்துக்கும், அதப் பாத்துட்டு வகுப்பு வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணுங்கன்னு உங்க மருமக சொன்னாங்க. நாற்பதும் அப்படியே நிக்குது. இதுல பிள்ளைங்க என்னத்தக் கத்துக்கிச்சு? திங்கக்கிழமையிலேர்ந்து இந்த நேரத்தக் கணக்குக்குக் குடுத்துடலாம்” என்றார். கழுகு குறைந்தால் கவலைப்படுவார்கள், சரி. குறையாமல் நின்றால் ஏன் கோபப்படுகிறார்கள்? நீயே சொல்.

வகுப்பு போனாலும் மாமன் மேல் பழி இல்லை. கால் கூடி, நீ நூறு வருஷம் நொண்டாமல் நடக்க வாழ்த்தும்,
உன் தாய்மாமன்.

பி.கு.: மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடு. உறையை ஒட்டும்போது முன்பெஞ்சுக் குட்டி ஒருத்தி தலைமையாசிரியரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். “டீச்சர் வரைஞ்சதுல நாலுதான் மிச்சம். மத்ததெல்லாம் கோழி. முதல் நாள்லேர்ந்து எண்ணி வச்சிருக்கோம். இனிமே யாரும் அழிக்கக் கூடாதுன்னு இன்னிக்குக் காலையில டஸ்டரையும் ஒளிச்சிட்டோம்” என்று நோட்டை நீட்டினாள். எல்லா நோட்டிலும் அந்த நாலு கழுகுதான், இறகு இறகாக. தலைமையாசிரியர் ரொம்ப நேரம் புரட்டினார். “வகுப்பு இருக்கட்டும்” என்றார். என்னைத்தான் வேண்டாம் என்றார். நீ வரும்வரை அந்த நாலுக்கும் பிள்ளைகள் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். என்னையும் கிட்டே விடவில்லை. மிச்சம் முப்பத்தாறு கோழியை என்ன செய்வது என்று மட்டும் எழுது. எனாமல், எளிதில் அழியாது.