மூன்றாம் நாள் கொட்டாவி

ஆறாவது கொட்டாவியைப் பரிமளா, வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டிய மயில்கழுத்து நிறப் புடவைக்குப் பின்னால் மறைத்துவிட்டாள். ஏழாவதை மறைக்க முடியவில்லை. சாதாரணக் கொட்டாவியா அது! கண்ணில் தண்ணீர் வந்து, காது அடைத்து, தாடை பழைய இடத்துக்குத் திரும்பவே அரை நிமிஷம் ஆனது.

"இன்னாம்மா, ராத்திரி தூங்கலியா?" என்றாள் எதிரே மெத்தையில் உட்கார்ந்திருந்த ராஜம்மாள்.

"நல்லாத் தூங்கினேங்கம்மா. இந்த பார்டரைப் பாருங்க, எடுப்பா இருக்கும்."

ராஜம்மாள் சந்தவாசலிலிருந்து மகள் நிலாவின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்கு வந்திருந்தாள். மொத்தம் பதினெட்டுப் புடவை. கூடவே தம்பி தருமன். அவர் மகன்தான் மாப்பிள்ளை. பதினைந்தே நாளில் கல்யாணம் என்பதால் அவர் வாயில் "ஜல்தி, ஜல்தி" தவிர வேறு வார்த்தை இல்லை. கல்யாணப் பெண் மட்டும் நெற்றி நிறைய விபூதியும் மணிக்கட்டில் புதுக் கறுப்புக் கயிறுமாக, யாருக்கோ புடவை எடுக்கிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

பரிமளா ஒரு பதற்றப் பேர்வழி. களம்பூரில் வீட்டைப் பூட்டி நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவாள். பாதி வழியில் சந்தேகம் வந்து இறங்கித் திரும்பிப் போவாள். கடைசியில் டாக்டரிடம் போனாள். அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கொட்டாவி வரும், வாய் உலரும், வேர்க்கும், கை நடுங்கும். அவசரப்படாதீங்க. ரெண்டு வாரம் பொறுத்தா தானா சரியாயிடும். பயந்து நடுவுல நிறுத்திடாதீங்க" என்றார். இன்று மூன்றாம் நாள்.

கடையில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. பில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நரம்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் அவரைக் குடோனுக்கு அனுப்பியவர் முதலாளி வேணுகோபால். பரிமளாவிடமும் காலையில்தான் சொல்லியிருந்தார்: "போன வாரம் ரெண்டு பார்ட்டி உன்னால கைநழுவிப் போச்சு. இதுவும் போச்சுன்னா நாளையிலேர்ந்து நீ குடோன்ல புடவை மடி." ஜன்னலே இல்லாத அறை அது. நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

எட்டாவது கொட்டாவி வந்தது. அதைப் பார்த்து நிலாவும் ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். ராஜம்மாள் சட்டென்று மகளின் தொடையைக் கிள்ளி, "வாய மூடுடி!" என்றாள். ஆனால் அடுத்த நிமிஷம் அவளுக்கே வந்துவிட்டது. பிறகு தருமனுக்கு. கல்லாவில் இருந்த வேணுகோபாலும் வாயைப் பிளந்துகொண்டே பரிமளாவை முறைத்தார்.

தூக்கத்தை விரட்டியே ஆக வேண்டும் என்று பரிமளா எதிர்க்கடையிலிருந்து ஸ்ட்ராங் காபி வரவழைத்து இரண்டு டம்ளர் குடித்தாள். கொட்டாவி நிற்கவில்லை. கூடவே கை நடுங்க ஆரம்பித்தது. விரித்துப் பிடித்த அரக்குப் புடவை ஃபேன் காற்று படாமலே படபடத்தது.

"அக்கா, இந்தம்மா கையப் பாரு" என்றார் தருமன்.

கைகளை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நடுக்கம் தோளுக்கு ஏறியது. வேர்வை வழிந்து குங்குமம் மூக்கு வரை இறங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வராத குரலை வரவழைத்து, "தண்ணி... தண்ணி குடுங்க" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

ராஜம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "தருமா! கொட்டாவி வுடுறா, நடுங்குறா, தண்ணி கேக்குறா. படவேட்டம்மா இவ மேல வந்துகினு இருக்காடா!"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்கம்மா! எனக்கு ஒண்ணும் இல்ல!"

"எந்தச் சாமி மொதல்லயே ஒத்துக்கிச்சு?" என்று தருமன் தன் காலில் செருப்பு இல்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு கைகூப்பினார்.

ராஜம்மாள் வாட்டர் பாட்டிலைத் திறந்து பரிமளாவின் தலையில் கவிழ்த்தாள். வேணுகோபால் பாய்ந்து வந்தார். "பட்டு மேல தண்ணி ஊத்தாதீங்க!" என்று அலறிப் புடவைகளை வாரி நெஞ்சோடு அணைத்தார். நிலைமை புரிந்ததும் அப்படியே மாறிப்போனார். பூஜைத் தட்டில் கற்பூரத்தை ஏற்றி நீட்டி, அவள் காதருகே குனிந்து, "தாயே, அந்த அரக்குக் கலரையும் ஒரு கண்ணு பாருங்க" என்றார்.

பரிமளாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இது மாத்திரையா, காபியா, பயமா? ஒருவேளை நிஜமாகவே சாமிதானோ? மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தில் அப்படி எதுவும் போடவில்லையே!

ராஜம்மாள் அழுதுகொண்டே அவள் காலடியில் உட்கார்ந்தாள். "தாயே, இந்தக் கல்யாணம் ஆனா எம் பொண்ணுக்கு எல்லாம் சரியாயிடுமா? நீ ஒரு வாக்கு சொல்லு."

'ஆகும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பதினெட்டுப் புடவையும் விற்றுவிடும், குடோனும் இல்லை. பரிமளா வாயைத் திறந்தாள். அப்போது நிலா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு 'ஆகும்' என்று சொல்லப் பரிமளாவுக்கு மனசு வரவில்லை. திறந்த வாயில் ஒரு கொட்டாவிதான் வந்தது. அது முடிந்ததும், மூன்று நாளாகப் பஸ்ஸில் முணுமுணுத்து வந்த டாக்டரின் வார்த்தை தானாக வெளியே விழுந்தது.

"அவசரப்படாத. ரெண்டு வாரம் பொறு, தானா சரியாயிடும். பயந்து நடுவுல நிறுத்திடாத."

"நிறுத்திடாதன்னு சொல்லிட்டா. கல்யாணத்தத்தான் சொல்றா" என்றார் தருமன்.

"அவசரப்படாதன்னு மொதல்ல சொன்னாளே, அது உங்காதுல வுழலியா?" என்றாள் ராஜம்மாள். "நிறுத்தல. தள்ளி வைக்குறோம். மொதல்ல ரெண்டு வாரம் பாப்போம்."

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சே அக்கா! பேஜாராப் பூடுமே!"

"அம்மா வாக்கு பெருசா, உம் பத்திரிகை பெருசா? எழுந்திரு."

ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் மூன்று பேரும் படியிறங்கினார்கள். கற்பூரம் எரிந்து முடிவதற்குள் வேணுகோபாலின் பக்தியும் தீர்ந்துவிட்டது.

"நாளைக்குக் குடோனுக்குப் போ" என்றார். "உன் சாமியையும் கூட்டினு போ."

ஈரத்தலையோடு பரிமளா புடவைகளை மடிக்கத் தொடங்கினாள். அழுகை அழுகையாக வந்தது. மூணு நாள் சாப்பிட்டது போதும், அந்தக் கருமத்தை இன்றோடு தூக்கிப்போட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள். அப்போது நிலா மட்டும் படியேறி ஓடி வந்தாள்.

"போன வச்சிட்டுப் போயிட்டேன்" என்று வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னாள். அவள் போன் அவள் கையில்தான் இருந்தது.

பரிமளாவின் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "தேங்க்ஸ்க்கா, நான் இன்னியோட நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்" என்றாள். "நீங்க வாக்கு சொன்னதுமே தெரிஞ்சிடுச்சு. அதே டாக்டரு, அதே மாத்திரை, எனக்கு ஒம்பதாவது நாள். கொட்டாவி வுட்டா உங்களுக்குச் சாமின்றாங்க, எனக்கு மட்டும் பேய்னு சொல்லிக் கல்யாணம் வச்சிட்டாங்க."