சந்தேகத்தின் இடது கால்

‘மாசி, இரண்டாம் செவ்வாய். மதகடிப்பட்டு போகும் வழியில் சந்தேகம் மொபெட்டிலிருந்து விழுந்தார். இடது கால் முறிவு. காரணம்: யாரோ பின்தொடர்வதாகத் திரும்பிப் பார்த்தது.’ என் நாட்குறிப்பு அவ்வளவுதான் சொல்கிறது.

வில்லியனூர் பக்கத்தில் தன் நிழலிடமே ஆதார் அட்டை கேட்கக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான். கரும்பு விவசாயி. ஊர் வைத்த பெயர் ‘சந்தேகம்’. டீக்கடையில், “சர்க்கர போட்டியா, போட்டா மாதிரி ஆத்துனியா?” என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

தேரன்று அவரைப் பார்க்க வேண்டும். ஊரே வடம் பிடிக்கும். இவர் ஓரமாக நடந்து, ஒவ்வோர் ஆளுக்கும் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை வடத்தை விரலால் அழுத்துவார். இரண்டு பக்கமும் ஒரே விறைப்பு என்றால் நடுவில் நிற்பவர் இழுக்கவில்லை, சும்மா பிடித்திருக்கிறார். ஒரு வருடம் மாட்டியவன் நான்.

“இன்னா சார், வடம் இழுக்கறியா, கொடியில வேட்டி காயப்போடறியா?”

எல்லோரையும் சோதித்த பிறகு கடைசியில் தானும் பிடிப்பார். ஒரு தேர்கூடத் தவறவிட்டதில்லை.

இந்த வருடம் தவறும் போலிருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தும் அவர் காலை ஊன்றவில்லை. ஊன்றச் சொன்ன டாக்டர்மேல் சந்தேகம். “இன்னொரு தபா ஒடைஞ்சா அவுருக்குத்தானேபா வரும்படி?” தேருக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகக் கூடவில்லை என்றார்கள். அன்று நானும் உடன் போயிருந்தேன்.

பிசியோதெரபி செய்யும் பெண்ணுக்குப் பக்கத்து உறுவையாறுதான் ஊர். இவரை நன்றாகத் தெரியும். எடை மெஷினைத் தரையில் வைத்து, “இதுல கொஞ்சங் கொஞ்சமா காலை அழுத்துங்க பெரியப்பா” என்றாள்.

“மெஷினு கரெக்டா?” என்றவர், என்னை ஏற்றி நிறுத்திப் பார்த்தார். “நீ இவ்ளோ வெயிட்டு இருக்க மாட்டியே!”

“மெஷினை வுடுங்க. எலும்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க இருக்கு. மேல பாரம் ஏறுதா இல்லையான்னு அதுங்க பாத்துக்கினே இருக்கும். ஏறுனா, எலும்ப கட்டச் சொல்லும். ஏறலன்னா, இங்க வேல நடக்கல, எதுக்கு எலும்புன்னு கரைக்கச் சொல்லிடும்.”

சந்தேகம் தன் முழங்காலுக்குக் கீழே ஓர் ஒற்றனைக் கண்டவர்போல் பார்த்தார்.

“உள்ள ஒருத்தன் குந்திக்கினு நான் ஊனறனா, ஊனறா மாதிரி நடிக்கறனான்னு பாக்கறானா?”

“ஆமா. தேர் வடத்துல நீங்க பாக்கறீங்களே, அதே மாதிரி.”

குனிந்து காலை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு, “அவன் நம்ம ஆளுபா” என்று மெஷினில் காலை வைத்தார். டாக்டரை நம்பாதவர், மெஷினை நம்பாதவர், தன்னைப்போலவே சந்தேகப்படும் ஒன்றை நம்பிவிட்டார். அதன்பின் தினமும் வாக்கரோடு தெருவில் நடை. முகம் சுளித்தபடி காலைப் பார்த்து, “எழுதிக்கடா, இதையும் எழுதிக்க” என்பார்.

தேரன்று கைத்தடியோடு வந்தார். யாரையும் சோதிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்று, தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்தார். தேர் அசைந்தது. அவர் இடது காலை ஊன்றி இழுத்தாரா, வெறுமனே பிடித்திருந்தாரா என்பது இன்றுவரை உறுதிப்படாத தகவல். அவருக்கு முன்னால் ஒரு விரல், பின்னால் ஒரு விரல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் வைக்கவில்லை. என் இரண்டு கைகளும் இழுத்துக்கொண்டிருந்தன.