அழிஞ்சுபோச்சு அண்ணனின் பட்டணம்

மத்தியானம் உலகத்தை அழித்துவிட்டு, சாயங்காலம் கடைசி நிறுவைக்குள் அதைத் திரும்பவும் கட்டிக் கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்தில்தான் இருந்தார். வேறு தோட்டத்துக்காரர்கள் தங்களிடமும் அப்படி ஒருவர் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மலேசியாவில் ரிங்லெட்டுக்கு மேலே, மலைச் சரிவில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. அவருடைய நிஜப் பெயர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு மட்டும் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் அழிஞ்சுபோச்சு அண்ணன். காலையில் துரை பங்களாவில் புல் வெட்டுவார். மத்தியானத்துக்கு மேல் நிறுவைக் கொட்டகைக்கு வந்து, நாங்கள் பறித்த கொழுந்தை மூட்டை கட்டி லோரியில் ஏற்றுவார். கூடையோடு நாங்கள் வரிசையில் நிற்கும்போது கதை தொடங்கிவிடும்.

"உலகம் அழிஞ்சுபோச்சுன்னு வச்சிக்குங்க."

"எப்பண்ணே?"

"நேத்து. கடலு பொங்கிருச்சு. தாப்பா முங்கிருச்சு. ஈப்போ முங்கிருச்சு. கோலாலம்பூர்ல கோபுர உச்சி மட்டுந்தான் தெரியுது."

"ஈப்போவுல எங்க நாத்தனா இருக்காளே."

"அவளும் போயிட்டா தங்கச்சி."

"சரி, மேல சொல்லுங்க."

மிஞ்சியது எங்கள் மலை மட்டும். உயரத்தில் இருந்ததால் தப்பித்தது. மிச்சமிருந்த சனங்கள் சேர்ந்து அங்கே ஒரு புதுப் பட்டணம் கட்டினார்கள். அண்ணன் பட்டணத்தைப் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம்தான். அதனால் அந்தப் பட்டணத்தில் இருபது மாடி லயங்கள் இருந்தன. அதில் கெட்ட கூட்டங்கள் புகுந்து தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டன. அவர்களை அடித்து விரட்ட வானத்திலிருந்து பறந்து வந்தவன் இடிவீரன்.

இடிவீரன் எத்தனை பேரை அடித்தான் என்று எங்கள் பெண்கள் கேட்டதே இல்லை.

"அண்ணே, அந்தப் பட்டணத்துல பைப்பு வீட்டுக்குள்ளயா, வெளியயா?"

அவர் மூட்டையைக் கீழே வைத்து யோசிப்பார். "உள்ள."

வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு எழும். அதற்குமேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் உலகம் அழியலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

இத்தனைக்கும் மூலகாரணம் துரை மகன் படித்துவிட்டுக் குப்பையில் போட்ட படப் புத்தகங்கள். ஆங்கிலம் தெரியாததால் அண்ணன் படத்தைப் பார்த்துத் தானே கதை சொல்லிக்கொண்டார். அதில் பறக்கிற ஆள் கால்சட்டைக்கு மேலே ஜட்டி போட்டிருந்தான். எங்களுக்கு அது பெரிய சந்தேகம்.

"உலகம் அழியிறப்ப நீ என்ன, கண்ணாடி முன்னாடி நின்னா உடுத்துவ?" என்றார் அண்ணன். "அவசரத்துல கைக்குக் கிடைச்சதப் போட்டுக்கிட்டு ஓடி வந்திருக்கான், பாவம்."

கதையைக் கதையாகவே விட்டிருந்தால் வம்பில்லை. ஆனால் அண்ணனுக்கு அதை நாடகமாகப் போட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தனி ஆள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கறி வாங்கித் தின்னும் ஆசைகூடக் கிடையாது. இருந்தது இந்த ஓர் ஆசைதான். மாரியம்மன் திருவிழாக் கமிட்டியிடம் வருஷா வருஷம் கேட்பார். வருஷா வருஷம் அவர்கள் புராண நாடகம் போட்டுவிடுவார்கள்.

அதற்கு முந்தின வருஷம் புராண நாடகம் பாதியில் நின்றது. எங்கள் தோட்டத்துப் பாலத்தில் உட்கார்ந்து வம்பளக்கும் பையன்களுக்கும் மேல்தோட்டத்துக் கூட்டத்துக்கும் சண்டை. பாலத்துக் கூட்டத்தின் தலைவன் மோட்டார் மணியம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். பெட்ரோல் இல்லாத நாளில் தள்ளிக்கொண்டே வருவான். மேல்தோட்டத்துத் தலைவன் ராசு. அன்றைக்கு மணியம் விட்ட குத்தில் முன்பல் போய்விட்டதால் அதிலிருந்து அவன் பல்லு ராசு. மேடை சாய்ந்தது, பந்தல் கிழிந்தது. துரை கமிட்டியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை அடிதடி என்றால் இந்தத் தோட்டத்தில் இனித் திருவிழாவே கிடையாது.

அதனால் அந்த வருஷம் நாடகம் போட யாரும் முன்வரவில்லை. "நான் போடுறேன்" என்றார் அழிஞ்சுபோச்சு அண்ணன்.

"சண்டை வந்தா?" என்றார் கமிட்டித் தலைவர்.

"சண்டை போடுறவனுங்களையே நடிக்க வச்சிட்டா? மேடையில போட்டுட்டுப் போறானுங்க."

மோட்டார் மணியத்தைப் பார்க்கப் பாலத்துக்கே போனார். தண்ணீர்த் தொட்டியைப் பிடிக்கிற கூட்டமாக நடிக்கக் கேட்டதும் மணியத்துக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் விவரமாகக் கேட்டான்.

"கடைசியில யாருண்ணே ஜெயிக்கிறது?"

"இடிவீரன்தான்."

"அப்ப முடியாதுலா. எங்களுக்கு ஒரு பேரு இருக்கில்ல."

"டேய், உலகத்துல எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறவன்ல நீ ஒருத்தன். அது ஒனக்குப் பெருமை இல்லியா?"

மணியம் யோசித்தான். "சாகிறப்ப வசனம் உண்டா?"

"ஒரு பக்கத்துக்கு உண்டு."

"அப்ப சரி. கறுப்புக் கண்ணாடி நான் போட்டுக்குவேன். சாகும்போதும் கழட்ட மாட்டேன்."

அடுத்த கஷ்டம் இடிவீரன் பறப்பது. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் ஒருவர் நேர்த்திக்கடனுக்குப் பறவைக் காவடி எடுத்திருந்தார். ஒரு தூணின்மேல் நீளமான கம்பைக் குறுக்கே பூட்டி, ஒரு முனையில் அவரைக் குப்புறத் தொங்கவிட்டு, மறு முனையை நான்கு பேர் அழுத்தினார்கள். அவர் அந்தரத்தில் பறவை மாதிரி சுற்றி வந்தார். அந்தக் கம்பு கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. அண்ணன் அதைக் கேட்டார். பூசாரி முறைத்தார்.

"சாமிக் கம்புல கூத்தாடப் போறியா?"

"ஆத்தா பாக்கத்தானே ஆடுறோம் சாமி?"

பூசாரி கோயிலுக்குப் பின்னால் கை காட்டினார். கம்பு வந்தது. அலகுக்குப் பதிலாகக் கொழுந்துக் கூடையின் வார்களைக் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் தொங்குவதற்கு ஓர் இளவட்டமும் துணியவில்லை. கடைசியில் அண்ணனே இடிவீரன் ஆனார். ஐம்பது வயது, இரண்டு பக்கமும் நரைத்த மீசை.

துரை கழித்துப்போட்ட குளிருக்குப் போடும் கம்பளி உள்ளாடைதான் உடுப்பு. அதைத் துணிக்குப் போடும் நீலத்தில் முக்கி எடுத்தார்கள். முதுகில் தொங்கும் சிவப்பு மேலங்கியைத் தைத்தது நான். அன்று நடந்த அத்தனை கலாட்டாவிலும் அதில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது துரை உத்தரவு. அதனால் சாயங்காலமே நாடகம் தொடங்கியது. துரைக்குப் பதிலாகக் கிராணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் மணியம் கறுப்புக் கண்ணாடியில் வழி தெரியாமல் தகரத் தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டான். அதுவும் நடிப்பு என்று சனங்கள் கை தட்டினார்கள்.

அப்போது ஒரு லோரி வந்து நின்றது. பல்லு ராசுவும் அவன் கூட்டமும் இறங்கினார்கள். கையில் பேப்பர் சுற்றிய கட்டைகள். நேராக மேடைக்கு ஏறினார்கள்.

"எங்கடா என் பல்லு?" என்றான் ராசு.

இந்த வசனம் நாடகத்தில் இல்லை. சனங்களுக்கு அது தெரியாது. மறுபடியும் கை தட்டினார்கள்.

மணியம் கண்ணாடியைக் கழற்றினான். பாலத்துப் பையன்கள் அவன் பின்னால் கூடினார்கள். அவர்கள் கையில் இருந்ததோ அட்டைக் கத்தி. கிராணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கமிட்டித் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், சார்" என்கிறார். இனி நம் பிள்ளைகளுக்குத் திருவிழா இல்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

திரைக்குப் பின்னால் வாரில் கட்டுண்டு கிடந்த அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. சத்தத்தைக் கேட்டுத் தன் கட்டம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"தூக்குங்கடா!"

நான்கு பேரும் மறு முனையை அழுத்தினார்கள். திரைக்கு மேலே, பனிக்குள்ளிருந்து, நீல உடம்பும் சிவப்பு மேலங்கியுமாக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழிஞ்சுபோச்சு அண்ணன் பறந்து வந்தார்.

"அயோக்கியர்களே! இந்தப் பட்டணத்தை விட்டு ஓடுங்கள்!"

சனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு பெண் குரல் எழுந்தது.

"வேல்! வேல்!"

அவ்வளவுதான். அந்தரத்தில் தொங்குகிற மனுஷனைக் கண்டால் எங்கள் சனங்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். "வேல் வேல்!" என்று கூட்டம் முழுக்க எழுந்தது. உறுமிக்காரன் அடிக்கத் தொடங்கினான். இரண்டு பேருக்கு அருள் வந்துவிட்டது. கம்பைப் பிடித்திருந்த நான்கு பேரும் பக்தி முற்றிக் கும்பிடக் கையெடுத்தார்கள். அண்ணன் சரேலென்று இறங்கினார். நல்லவேளையாக, பாதியில் ஞாபகம் வந்து பிடித்துக்கொண்டார்கள். அவர் எல்லோருடைய தலைக்கு நேராக வந்து நின்றார்.

"டேய், சாமி இல்லடா! நான்தான்டா! நான்தான்டா!" என்று கத்தினார்.

"நான்தான்டான்னு சொல்லுது! ஆத்தா பேசுது!" என்று சனங்கள் விழுந்தார்கள். நான் விழவில்லை. நின்றுகொண்டுதான் கும்பிட்டேன்.

பனியில் நனைந்த உடுப்பிலிருந்து நீலம் சொட்டியது. அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கைக்குழந்தையை அவர் கைக்குக் கீழே நீட்டினாள். மோட்டார் மணியம் அட்டைக் கத்தியைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். பல்லு ராசு கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, காலில் இருந்த சிலிப்பரைக் கழற்றினான்.

"சாமி," என்றான். "எங்கம்மாவுக்குக் கால் வலி. கொழுந்துக்குப் போவ முடியல. எப்ப சாமி தீரும்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் சுற்றிலும் பார்த்தார்: ராசுவின் கக்கத்துக் கட்டையை, எழுந்து நின்ற கிராணியை, கைகூப்பிய கமிட்டித் தலைவரை. அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு தடவை "நான் சாமி இல்லை" என்று உரக்கச் சொல்லி அவர் நாடகத்தைத் தொடரலாம். வருஷக்கணக்காக மனசுக்குள் கட்டி வைத்த பட்டணம் திரைக்குப் பின்னால் காத்திருந்தது. அவருடைய பெரிய வசனம் இனிமேல்தான் வர வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது குரல் மாறியிருந்தது.

"தீரும்டா. மொதல்ல அந்தக் கட்டயக் கீழ போடு."

கட்டை விழுந்தது. பின்னாலேயே மற்ற கட்டைகளும் விழுந்தன.

"மணியம்! நீயும் அவனும் சேந்து இப்பவே ஆத்தா தேர இழுக்கணும். ஒத்தக் கவுத்துல. சண்ட போட்டா ஆத்தா பொறுக்க மாட்டா."

இழுத்தார்கள். ஒரே கயிற்றில், ராசு முன்னாலும் மணியம் பின்னாலுமாக. அதுவரை அண்ணன் இறங்க முடியவில்லை. வரிசையில் வந்த அத்தனை பேருக்கும், மாடு காணாமல் போனவருக்கும் மகளுக்கு வரன் அமையாதவருக்கும், தொங்கிக்கொண்டே பதில் சொன்னார். கடைசியாக வந்தவர் கிராணி. மேல் உத்தியோகம் கிடைக்குமா என்று காதோடு கேட்டார். "துரைகிட்ட நல்லபடியாச் சொல்லு, கிடைக்கும்" என்றது சாமி. அவரும் நல்லபடியாகவே சொன்னார். திருவிழா பிழைத்தது.

மறுநாள் நிறுவையில் அண்ணன் கதை தொடங்கவில்லை. கழுத்தில் நீலம் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூட்டையைத் தூக்கினார், போட்டார்.

"என்னண்ணே, இன்னைக்கு உலகம் அழியலியா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும் தங்கச்சி."

எங்களுக்கெல்லாம் மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் தேயிலைச் சரிவில் உட்கார்ந்திருந்தோம். மோட்டார் மணியம் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பின்னால் பல்லு ராசு. அவன் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"அண்ணே, நான் இன்னும் சாவல," என்றான் மணியம். "ஒரு பக்க வசனம் பாடம் பண்ணி வச்சிருக்கேன். அத நான் எங்க போய்ப் பேசுறது?"

"எனக்கும் ஒரு வேசம் குடுங்க," என்றான் ராசு. "அடி வாங்குற வேசம்னாலும் சரிதான்."

துவைத்து என் கூடையில் வைத்திருந்த சிவப்பு மேலங்கியை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதை வாங்கி உதறினார். பிறகு கட்டிக்கொண்டார்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நாடகம் நடந்தது. மணியம் கண்ணாடியோடு செத்தான். ராசு கேட்டபடியே அடி வாங்கினான். வேலையை மேற்பார்க்கும் கங்காணி எங்களை விரட்ட வந்து, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஒரு பாறையில் ஏறித் தன் பெரிய வசனத்தை ஒரு சொல் விடாமல் பேசினார். முடிவில், "என் வேலை முடிந்தது மக்களே. இனி இந்தப் பட்டணத்துக்கு நான் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கி, செடிகளுக்கு நடுவே தனியாக நடந்து போனார். அப்போது தூறல் விழுந்தது.

"அண்ணே, மழையில எங்க போறீங்க?" என்று நான்தான் கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தார். "கதைப்படி நான் போயாவணுமே தங்கச்சி."

"கதைதான் முடிஞ்சிருச்சில்ல. வாங்க."

மழைக்குப் பிடித்திருந்த பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் நாங்கள் நெருங்கி உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டோம்.