மோப்பம் அண்ணனும் சார்ஜ் ஏறாத லேப்டாப்பும்

மூக்கை வைத்து ஒரு லேப்டாப்பின் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மோப்பம் அண்ணனைக் கேட்டால், மூக்கைத் தவிர உலகத்தில் உள்ள கருவியெல்லாம் தண்டம் என்பார்.

லேப்டாப்பை மேஜையில் வைத்ததும், சார்ஜர் சொருகும் ஓட்டையில் மூக்கை வைத்துக் கண்ணை மூடி இழுப்பார். கருகல் வாடை என்றால் போர்டு போச்சு. புளிப்பு வாடை என்றால் யாரோ டீயைக் கொட்டியிருக்கிறார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற வாத்தியாரிடம், "நேத்து வூட்ல கருவாடா சார்?" என்று கேட்டுவிட்டார். முந்தின நாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்த வாத்தியாரின் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் பார்த்த பார்வையில் அந்த லேப்டாப் தானாகவே ஆன் ஆகியிருக்க வேண்டும்.

போன வருஷம், குழந்தைக்காக வேலையை விட்ட எனக்கு முதல்முறையாக ஒரு ஆன்லைன் இன்டர்வியூ வந்தது. மூன்று மணிக்குப் பேச வேண்டும். இரண்டு மணிக்குத் திறந்தால், இரவெல்லாம் சார்ஜில் போட்ட லேப்டாப் செத்துக் கிடக்கிறது. அதன் ஃபேனைத் துடைக்கக் கொடுத்து, ஆயுத பூஜை முடிந்து முந்தின நாள்தான் அண்ணன் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பாப்பா பால ஊத்திடுச்சாம்மா?"

"இல்லண்ணா. தெரியலண்ணா. ஊத்தியிருக்கலாம்ணா."

வேறு சார்ஜரைப் போட்டார். விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் சார்ஜர் மேல் தப்பில்லை, ஓட்டையில்தான் என்று சொல்லி மோந்தார். முகம் மாறியது. மறுபடி மோந்தார்.

"இன்னாம்மா, சந்தன வாசன வருது? லேப்டாப்புக்குப் போயி எவனாச்சும் ஓட்டைல சந்தனம் வப்பானா? படிச்சவங்கதான நீங்க?"

நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். அலமாரியில் இருந்த அத்தனை லேப்டாப்பிலும், சார்ஜர் ஓட்டைக்கு நேராக, ஆயுத பூஜைக்கு அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டில் நான் துடைத்துவிட்ட அதே பொட்டு. அவரும் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா ஜலதோஷம்மா. மூக்கு சரியில்ல," என்றார்.

பிரஷால் சுத்தம் செய்ததும் விளக்கு எரிந்தது. ஆனால் சார்ஜர் பின்னைத் தூக்கிப் பிடித்தால்தான் எரிந்தது, விட்டால் அணைந்தது. பேட்டரியிலோ ஒன்றுமே இல்லை. மூன்று மணி ஆகப்போகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இங்கியே குந்திப் பேசும்மா. நான் புடிச்சிக்கிறேன்."

கேமராவில் தெரியாமல் மேஜையோரம் உட்கார்ந்து, ஒரு கையில் பின்னையும் மறு கையில் பாப்பாவையும் பிடித்துக்கொண்டார். நடுவில் தும்மல் வந்தபோது கை ஒழியாததால் பாப்பாவின் கவுனிலேயே முகத்தைப் புதைத்தார். பாப்பா சிரித்தாள். எனக்கு வியர்த்தது. சார்ஜர் பின் மட்டும் அசையவில்லை.

வேலை கிடைத்தது. சார்ஜர் சொருகும் இடத்தையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். இப்போது மறுபடியும் ஆயுத பூஜை வருகிறது. உன் லேப்டாப்பையும் கொண்டுவந்து வை, போன வருஷ பூஜை ராசியில்தானே வேலை கிடைத்தது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கொண்டுபோகப் பயமாக இருக்கிறது. போகாமல் இருந்தால் அந்த முகம் வாடுமே என்றும் இருக்கிறது. அவர் மனசு நோகாமல் இதற்கு என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.