நிற்காத பாட்டு குறித்துத் தம்பிக்குத் தன்னிலை விளக்கம்

பேரன்பிற்கும் பெருங்கோபத்திற்கும் உரிய தம்பிக்கு,

உன் தமக்கை வரையும் மடல். இங்கு நான் நலம். உன் மகள் சிட்டு மிகவும் நலம், இக்கணமும் ஆடிக்கொண்டிருக்கிறாள். அங்கு நீயும் உன் மனைவியும் இரத்தக் கொதிப்பு ஏதுமின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன்.

"எம் பொண்ணை என்னக்கா பண்ணி வச்சிருக்க? ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று தொலைபேசியில் நீ கூறியதை, உன் வேலைக்களைப்பு பேசியதாகவே எடுத்துக்கொண்டேன். ஆயினும் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கும் சுவர்களுக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே எழுதுகிறேன்.

எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல், தையல் இயந்திரத்தின் மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்துக் கணினி நிரல் எழுதக் கற்றவள் நான் என்பதை நீ அறிவாய். அதை எழுத்துக்கூட்டவும் தெரியாத சிறார்க்கு ஆட்டத்தின் வழியே கற்பிக்க, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள அறையைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வோர் அசைவும் ஒரு கட்டளை: கைதட்டு, சுற்று, குனிந்து தரையைத் தொடு. வரிசை மாறினால் ஆட்டம் கெடும், நிரலும் அவ்வாறே. அதைப் பளிச்சென்று பிடித்துக்கொண்டார்கள். அடுத்தது சுழற்சிப் பாடம். 'பாட்டு நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய். நின்றதும் சிலையாக நில்.' நான் சொன்னது இவ்வளவுதான் தம்பி.

பாட்டுப் பெட்டியை அணைத்தேன். ஒருவரும் நிற்கவில்லை. விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்றெண்ணி அதட்டினேன். சிட்டு சுற்றியபடியே, "இன்னும் பாடுதே அத்தை, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். மற்ற குழந்தைகள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். பிறகு எல்லாரும் குனிந்து தரையைத் தொட்டார்கள். அத்தனை கைகளும் பட்டு எழுந்தது ஒரே ஓசை.

பெற்றோர் வந்தார்கள். குழாய் வேலைக்காரர் தம் மகளைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு போக, அவள் அவர் முதுகிலேயே தாளம் தட்டிக்கொண்டு போனாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலைபார்க்கும் தகப்பனார் ஒருவர், பெட்டியின் பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்து, என் நிரலில்தான் பிழை என்றாரே பார்க்கலாம், எனக்கு வந்ததே கோபம். பாட்டு நின்றால் குழந்தைகள் நிற்பார்கள்; குழந்தைகள் நிற்கவில்லை; ஆகவே பாட்டு நிற்கவில்லை. இதுல எந்த எடத்துல சார் தப்புன்னு கேட்டேன். போகும்போது அவர், "அப்ப யாரு பாடறாங்க மேடம்?" என்று மெல்லக் கேட்டார். அது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்று கூறி அனுப்பிவைத்தேன்.

வீட்டிலும் பாட்டு ஓயவில்லை என்கிறாள் சிட்டு. அதனால் ஆட்டத்தில் சில நிபந்தனைகளைச் சேர்த்தேன். தட்டு முன்னால் இருந்தால் கால் மட்டும்; படுத்திருந்தால் விரல் மட்டும். இம்மி பிசகாமல் கடைப்பிடிக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். தூக்கத்தில் அவள் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டும் அதே நொடியில், என்னிடம் பயிலும் மேல்வீட்டுக் குழந்தையின் விரலும் சுவரைத் தட்டுவது கேட்கிறது. இதைக் கேட்டு மேல்வீட்டம்மாள் அழுகிறாள். நான் இதை ஒழுங்கு என்பேன். நீ அந்த வயதில் ஒரு சொல் கேட்டதுண்டா?

எனவே குழந்தையை அழைத்துச் செல்ல எள்ளளவும் முகாந்திரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் குறைவற்ற உடல்நலமும் அதைவிட முக்கியமாகப் பொறுமையும் பெற்று வாழ மூத்தவளின் வாழ்த்துகள்.

இங்ஙனம்,
நிரலில் பிழை விடாத உன் அக்கா

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் கிடக்கட்டும். ஞாயிறுவரை காத்திருக்காதே, உடனே புறப்பட்டு வா. அழைத்தால் நீ எடுக்கவில்லை. அதனால் இதைப் படமெடுத்து அனுப்புகிறேன். கடிதத்தை மடிக்கும்போது வீடு சட்டென்று அமைதியாயிற்று. இத்தனை நாளும் அமைதியாக இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது; நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். சிட்டு கூடத்தின் நடுவில் சிலையாக நிற்கிறாள். போதும்டி கண்ணு, வந்து உக்காரு என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். மேல்வீட்டிலும் சத்தமில்லை. நின்றபிறகு என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை தம்பி. பேட்டரியைப் போட்டுப் பெட்டியைப் பாடவிட்டேன். அவள் அசையவில்லை. இத்தனை நாள் கேட்டது இந்தப் பாட்டு இல்லை.