ஆறு மணிக்கு முன்னால் ஃபையராபென்ட்

ரயிலைவிட்டு இறங்கும்போதே பேராசிரியர் ஓட்ஃபிரீட் வேமையரின் கால்சட்டைப் பொத்தான் தெறித்துத் தண்டவாளத்தில் விழுந்தது. ஐந்து மணிக்கு எங்கள் ஊர் மண்டபத்தில் அவர் பேச வேண்டும். பேச்சு 'ஃபையராபென்ட்' பற்றி. அன்றாட வேலை முடிந்தது என்பதற்கு ஜெர்மன் மொழியில் நாங்கள் சொல்லும் சொல் அது. அந்த ஒரு சொல்லை ஆராய்வதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அந்தப் பெருமையில் கொஞ்சம் வயிற்றிலும் சேர்ந்திருந்தது.

இடுப்பைப் பிடித்தபடி தையல் கடைக்கு ஓடினார். தையல்காரி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு பொத்தான்!"

"ஃபையராபென்ட், ஐயா."

"கதவுல ஆறு மணி வரைக்கும்னு போட்டிருக்கே!"

"இன்னைக்கு இப்படித்தான்."

வேமையருக்குப் பொத்தானே மறந்துபோனது. "அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா? ஆதியில அது திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம்! கோயில் மணி அடிச்சாத்தான் கருவியைக் கீழ வைப்பாங்க. தினமும் வேலை முடியறதுக்கு அந்தப் பேர் வந்ததெல்லாம் பிற்பாடு. இன்னைக்கு என்ன திருவிழாவா?"

"அப்படித்தான்னு வெச்சுக்குங்களேன்," என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கறிக்கடைக்காரர் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியிலிருந்து சாசேஜ் கட்டும் நூலை நீட்டினார். "இதைக் கட்டிக்குங்க. ஃபையராபென்ட்!"

நூல் இடுப்பைக் காப்பாற்றியது. வாசனை நாயைக் கூப்பிட்டது. எங்கள் ஊர் நாய்களுக்குச் சாசேஜ் மீது தனி மரியாதை. நாய் நூலைப் பிடித்து இழுத்தது. தன் நூலைப் பேராசிரியர் விட்டுக்கொடுப்பாரா? அவரும் இழுத்தார். நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்சட்டைதான் பின்பக்கம் முழங்கால் வரை பிளந்தது.

"நேரத்துக்கு முன்னாடியே கடையை மூடற சோம்பேறி ஊர்! என் பேச்சுக்கு யார் வரப்போறாங்க?" என்று முனகியபடி தெருவுக்குக் கிழிசல் தெரியாமல் பின்னோக்கி நடந்தே பேக்கரிக்குள் நுழைந்தார். பேக்கரிக்காரி விளக்கை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு ஏப்ரன் குடுங்க. மறைச்சுக்கிட்டு அடுத்த ரயில்ல வீட்டுக்குப் போயிடறேன்."

அவள் தன் ஏப்ரனை அவிழ்த்து அவர்மேல் வீசினாள்.

"ரயிலா? வெள்ளம் வந்தப்பக்கூட ஆறு மணி வரைக்கும் திறந்திருந்த ஊர் ஐயா இது! ஏதோ ஒரு சொல்லைப் பத்திப் பேச வேமையர்னு ஒரு பெரிய மனுஷர் வர்றாராம், ஊரே கடையை மூடிட்டு மண்டபத்துக்குப் போயாச்சு. சீக்கிரம் வாங்க, இனிமே நமக்கு நிக்கத்தான் இடம் கிடைக்கும்!"